கிரைண்டரைப் போட்டுவிட்டுப் பேசிய அத்தை

கொடுமுடி மகுடேசுவரரை அன்று எத்தனை தடவை கூப்பிட்டேனோ, அவருக்கே சலித்துப்போயிருக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. உலகப் போர்க் காலத்தில் வேலை பார்த்த பெண்களைப் பேசவைத்து டேப்பில் பதிகிற கல்லூரி டீச்சர் ஒருவர், ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை, அதாவது என் மாமியார், கல்யாணத்துக்கு முன்பு பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று புகுந்த வீட்டில் வாயைக் கட்டிவிட்டார்கள். என்னிடம் மட்டும், "நாஞ் சாகறதுக்குள்ள இதை ஒருத்தராச்சும் எழுதி வெக்கோணும் கண்ணு" என்பார்.

அன்றைக்கென்று பார்த்துத் தாராபுரத்திலிருந்து மாமனாரின் அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் எதிரில் அத்தை உட்காரவும் மாட்டார், பேசவும் மாட்டார். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டீச்சரின் கேள்விக்கெல்லாம் பெரியவரே பதில் சொன்னார்.

"எங்கூட்டுப் பொம்பளைங்க வேலைக்கெல்லாம் போனதில்லீங்க. அப்ப அரிசிக்குப் பட்ட பாட்டைச் சொல்றேன், பதிஞ்சுக்குங்க."

டேப்பின் ஒரு பக்கம் முழுக்க அரிசி.

"கோயிலுக்கு நேரமாகலீங்களா பெரிய மாமா?" என்றேன்.

"சாமி எங்க போயிரும்? காப்பி போடு அம்மணி."

எரிச்சலில் டேப்பையும் டீச்சரையும் சமையலறைக்கே கூட்டிப்போனேன். அங்கே அவர் வரமாட்டார். அத்தையோ, "அவருக்குக் கேட்டுப்போடும்" என்று, ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் போட்டு ஓடவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"டேப்புல கிரைண்டர் மட்டுந்தானுங்க கேக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நிறுத்தப்போன என் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னும் சத்தமாங்கம்மா" என்று டீச்சர் கேட்கக் கேட்க, அத்தையின் குரலும் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று கரண்ட் போனது. பேட்டரியில் ஓடிய டேப் மட்டும் சுற்றியது.

"கால் போன பட்டாளத்துக்காரனை நாந்தானுங்க தூக்கி உக்கார வெச்சுக் குளிப்பாட்டினேன்!"

வீடு முழுக்கக் கேட்டது.

"உள்ள என்ன பேச்சு?" என்றார் பெரியவர் கூடத்திலிருந்து.

அத்தை என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

"காதுல உழுந்துபோச்சல்லங்க, இனி என்னங்க?" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார் அத்தை. "உங்க பேத்தி நர்சுக்குப் படிக்கறதை ஊரெல்லாம் சொல்றீங்க. நாஞ் செஞ்சதை இந்தப் பொட்டிகிட்டச் சொல்லக்கூடாதுங்களா?"

அவரிடம் அத்தை நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க உட்டேன் டீச்சர்?"

டேப் தீரும்வரை பேசினார். கரண்ட் வரவே இல்லை. பாதி அரைபட்ட உளுந்தை ஆட்டுக்கல்லில் போட்டு, மகுடேசுவரா மகுடேசுவரா என்று நான்தான் ஆட்டி முடித்தேன்.