பலராமனுக்கும் சேர்த்து ஒரு வாடகை வீடு

வாகன இன்ஷூரன்ஸ் கிளைம் பார்க்கிற உத்தியோகத்தில் முதல் பாடம், எதிரில் நிற்பவர் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது. மாடு குறுக்கே வந்தது என்பார்கள். போய் விசாரித்தால் அந்தத் தெருவுக்கு மாடு வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். பதினாறு வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்தச் சந்தேக புத்திதான். ஆபீஸில் என் பெயர் ஜெபராஜ். முதுகுக்குப் பின்னால் 'குறுக்கு விசாரணை'.

அந்தத் திறமையெல்லாம் வீட்டு வாசலோடு சரி. உள்ளே ஆறரை வயதில் ரூபி, நாலு வயதில் டேனி. கற்பனை வளம் மிகுந்த பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாமல் திரியும் அப்பா அம்மாக்களே, இது உங்களுக்காக. என்னைவிடக் கேவலமாக யாராவது மாட்டியிருந்தால் சொல்லுங்கள், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஹாலில் ஒருவர்

நாங்கள் சிட்லபாக்கத்தில் வாடகைக்கு இருந்தபோது தொடங்கியது இது. ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் ஒன்றே கால் மணி நேரம் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தவன், சோஃபாவில் பொத்தென்று உட்கார்ந்தேன். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அலறின. "அப்பா! எந்திரிங்க! பலராமன் அங்கிள் மேல உக்காந்துட்டீங்க!"

நான் எழுந்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒரு முறை ஒப்புக்கொண்டால் பிறகு பின்வாங்க முடியாது என்று ஆபீஸில் நானே புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஆபிரகாம் உண்டு, ஆரோன் உண்டு, பலராமன் கிடையாது. பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அவர் ஒரு நாளைக்கு மூன்று வேளை குளிப்பார், வாழைப்பழம் என்றால் உயிர், ரொம்ப வெட்கப்படுவார் என்ற விவரமெல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது. என் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து, "ஏங்க, ஒரு சாரிதான் சொல்லிடுங்களேன்" என்றாள். காலி சோஃபாவைப் பார்த்து சாரி சொன்னேன். டேனி என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

"பரவாயில்லப்பா. அவருக்கு வலிக்காது. உங்களுக்குத்தான் வலிச்சிருக்கும்."

ஷேர் ஆட்டோவில் இரண்டு இடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினோம், தாம்பரம் ஸ்டேஷன் வரை. நாங்கள் நாலு பேர். டிரைவர் இன்னும் இரண்டு பேரை ஏற்றப் பார்த்தார். ரூபி இரண்டு கையையும் விரித்து சீட்டின் மேல் படுத்தே விட்டாள். "இங்க பலராமன் அங்கிள் இருக்கார். அவருக்கு ரெண்டு பேர் இடம் வேணும். எங்கப்பாவைக் கேட்டுப் பாருங்க!"

ஏற வந்த இரண்டு பெண்களும் டிரைவரும் என்னைப் பார்த்தார்கள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரூபியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலை அது பாட்டுக்கு ஆமாம் என்று ஆடிவிட்டது. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், படிச்ச ஆளாட்டம் கீற... செரி, அவுரு எங்க எறங்குவாருன்னு கேட்டுச் சொல்லு, அப்பால ஆள் ஏத்திக்கிறேன்."

பதினோரு பெட்டி ரயில்

புதன்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பள்ளிக்கூடம் லீவாக இருந்த அப்படி ஒரு புதன்கிழமை, மீட்டிங் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், ஹால் சுவர் முழுக்கப் பச்சை கிரேயானில் ரயில். படுக்கையறையில் கிளம்பி சமையலறை வரைக்கும் பதினோரு பெட்டி. கடைசி மூன்று பெட்டி என் தலைக்கு மேலே ஏறிப் போயிருந்தது. வாடகை வீடு!

தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ரூபியைப் படுக்கையறையிலும் டேனியைச் சமையலறையிலும் நிறுத்தித் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கினேன். பொய் சொல்கிறவர்கள் மாட்டுவது அங்கேதான். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துவராது. இங்கே அச்சு அசலாக ஒத்துவந்தது. வரைந்தது பலராமன். காலையில், இட்லி சாப்பிட்ட பிறகு. நின்ற இடத்திலிருந்து நகராமலே மேலே வரைக்கும் வரைந்தாராம். சமையலறை ஸ்டூலில் பச்சைக் கறை இருந்தது. ஆதாரம் கையில் இருந்தும் இரண்டு பேரும் அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில், "அந்த ஆளை இப்பவே என் முன்னாடி வரச் சொல்லு! இல்லன்னா வீட்டை விட்டே துரத்திடுவேன்!" என்று கத்தினேன். டேனியின் முகம் சுருங்கிப்போனது. அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் லேப்டாப்பில் மைக்கை அணைக்காமல் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பதினான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்த மீட்டிங்கில் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஜெபராஜ், யாரை வேணா துரத்துங்க. அந்த வேளச்சேரி கார் ஃபைலை முடிச்சுட்டுத் துரத்துங்க."

டி.டி.ஆர். கேட்ட கேள்வி

அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது பலராமனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒழிந்தார் என்று நிம்மதியாக இருந்தேன். எங்களுக்கும் வேறு கவலை வந்திருந்தது. வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறார், மே மாசக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார்கள். ஸ்டெல்லா டீச்சர், கேம்ப் ரோட்டுப் பக்கம் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில்தான் பிள்ளைகளும் படிக்கின்றன. காலையில் இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் அடைத்துக்கொண்டு போகிற சர்க்கஸ் போதும், இந்த முறை நடந்து போகிற தூரத்தில் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. கோவிலம்பாக்கத்தில் ஒரு வீடு நன்றாக இருந்தது, ஆனால் தூரம். பக்கத்தில் இருந்த இரண்டு வீட்டில் கறி மீன் கூடாது என்றார்கள். மாசம் முடிய பதினெட்டு நாள் இருக்கும்போது, சேலையூரில் ஒரு முதல் மாடி வீட்டைக் காட்டினார் புரோக்கர் மணி.

பள்ளிக்கூடத்துக்கு ஏழு நிமிட நடை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். ஸ்டெல்லா அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் வரதராஜன், ரிட்டயர் ஆன டி.டி.ஆர்.; முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். கீழ்வீட்டில் அவரும் அவர் மனைவியும். "எத்தனை பேர் சார்? வெயில் காலத்துல போர் தண்ணி உப்பாயிடும், லாரித் தண்ணிதான். அதான் தலைக்கணக்கு கேக்கறேன்" என்றார். நாலு பேர் என்றேன். நாங்கள் கட்டில் நுழையுமா என்று வாசலை அளந்துகொண்டிருந்தபோது, அவர் பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போய் மிக்சர் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மணியிடமிருந்து போன் வந்தது. வூடு இல்லன்ட்டாரு சார் என்றார். ஏன் என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் இழுத்தார்.

"அரை டிக்கெட் கேசுன்னா அவுரு அப்பா அம்மாவ கேக்க மாட்டாராம் சார், கொயந்தையதான் கேப்பாராம். உன் பொண்ணு வூட்ல அஞ்சு பேருன்னிச்சாம். பலராமன்னு ஒருத்தரு, நீ ஆபீஸ் போனப்புறம்தான் வருவாராமே... மனச தேத்திக்க சார்."

ஒத்திகை

சொன்னதும் ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். "அந்த வீடு போச்சுன்னா வேற எங்கங்க போறது?" என்றாள். மணியைக் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரதராஜனை ஒரு தடவை பார்க்க ஏற்பாடு செய்தேன்.

சனிக்கிழமை நான் செய்த காரியத்தை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறவர்களைப் பதினாறு வருஷமாகப் பிடித்துக்கொடுத்தவன், சொந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "அந்த அங்கிள் கேட்டா, பலராமன்னு யாருமே கிடையாதுன்னு சொல்லணும்." ரூபி கண்ணை உருட்டினாள். "அது பொய்யாச்சேப்பா?" டேனி, "அவர் கேட்டா அழுவார்" என்றான். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி வாயை அடைத்தேன். மறுநாள் வரதராஜன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி, "பாப்பா, அந்த பலராமன் அங்கிள் நல்லா இருக்காரா?" என்று தேன் தடவிக் கேட்டார். ரூபி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பலராமன்னு யாருமே கிடையாதுன்னு அப்பா சொல்லச் சொன்னாங்க. சொன்னா ஐஸ்கிரீம்."

நான் கேட்காத கேள்வி

வரதராஜன் எழுந்துவிட்டார். டிக்கெட் இல்லாதவனை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுகிற தோரணை அது. ஸ்டெல்லா கைப்பையை எடுத்தாள். அப்போது டேனி ஓவென்று அழ ஆரம்பித்தான். ரூபி அழவில்லை, என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நான் அவர் இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன்ப்பா. அவர் கேட்டிருப்பாரா?" என்று கேட்டாள். வீடு போவதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு வீட்டுக்காக இந்தக் குழந்தையை இப்படிக் கேட்க வைத்துவிட்டேனே என்றுதான் இருந்தது.

தரையில் உட்கார்ந்து டேனியை மடியில் போட்டுக்கொண்டேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், "பலராமன் எப்படிடா இருப்பார்?" என்றேன். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த கிரேயான் என்றெல்லாம் விசாரித்தவன், இத்தனை நாளில் இதைக் கேட்டதே இல்லை. டேனி விக்கலுக்கு நடுவே இரண்டு கையையும் தலைக்குப் பக்கத்தில் விரித்தான். "இவ்ளோ பெரிய காது... அப்புறம் தும்பிக்கை..."

வரதராஜன் திரும்பினார். "யானையா?"

"ஆமா அங்கிள்" என்றாள் ரூபி. "நீங்க அதைக் கேக்கவே இல்லையே."

மூன்று வேளைக் குளியல், வாழைப்பழம், ஆட்டோவில் இரண்டு பேர் இடம், என் தலைக்கு மேல் போன ரயில் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வரதராஜன் சட்டென்று விடவில்லை, பழைய வழக்கம். "அப்பா ஆபீஸ் போனதுக்கப்புறம் ஏம்மா வர்றார்?" என்றார். "அப்பா துரத்திடுவேன்னு கத்தினாங்க. அதான் பயந்துட்டு, அப்பா போனதும் வர்றார்" என்றாள் ரூபி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான். இனிமே துரத்த மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்றேன். உள்ளேயிருந்து வரதராஜனின் மனைவி வாயைப் பொத்திச் சிரிக்கும் சத்தம் கேட்டது. வரதராஜன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்ரிமென்ட் தாளை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நாலு பேர்னே எழுதிக்கறேன் சார். அவரை அஞ்சு வயசுக்குள்ளன்னு வெச்சுக்கிட்டு டிக்கெட் இல்லாம விட்டுடறேன். ஆனா குளியல் ஒரு வேளைதான், இப்பவே சொல்லிட்டேன்."

சேலையூருக்கு வந்து இரண்டு மாசம் ஆகிறது. பதினாறு வருஷமாகப் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிற நான், இப்போதெல்லாம் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க பலராமன்" என்று சொல்லிவிட்டுத்தான் சோஃபாவில் உட்காருகிறேன், அதுவும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும்.