நாங்கள் செய்த கேஸ் அலாரம்

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வகுப்பில் நாங்கள் ஏழு பெண்கள். அதில் ராயபுரத்திலிருந்து நான், விம்கோ நகரிலிருந்து என் கூட்டாளி அவள். மூன்று வருடமும் ஒரே பெஞ்ச், லேபில் ஒரே மேசை. சால்டரிங் அயர்னைத் தொடவே அவளுக்குப் பயம். அவள் கையைப் பிடித்து, ஈயம் எப்போது உருகுகிறது என்று நான்தான் காட்டினேன். பதிலுக்கு என் ரெக்கார்டு நோட்டில் அவள் படம் வரைந்து தருவாள். அவள் போடும் கோடு அச்சடித்த மாதிரி இருக்கும்.

கடைசி வருட புராஜெக்டாக கேஸ் அலாரம் செய்தோம். எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சென்சாருக்காக இரண்டு நாள் கடை கடையாக அலைந்தோம். சர்க்யூட் முழுக்க நான் போட்டது. கம்பேரேட்டர் என்ன செய்கிறது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ரயிலில் சொல்லிக் கொடுத்தேன்.

"மழை பெஞ்சா எங்க வூட்டுக்குள்ள தண்ணி வரும்ல? நெலைப்படியில ஒரு கோடு போட்டு வெச்சிகிறோம். தண்ணி அதத் தாண்டிச்சின்னா எங்கம்மா கத்தும். கம்பேரேட்டர்னா எங்கம்மாதான்."

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

தேர்வுக்கு முந்தைய மாதம், துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது அப்பா வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஒரு வாரம் நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். வீட்டில் யாரிடமும் செல்போன் இல்லாத காலம். மூன்றாம் நாள் சாயங்காலம் சாத்துக்குடியோடு அவள் வந்தாள். அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

"காலேஜ்ல இன்னாடி நடக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. ரிவிஷன் ஓடிகினு கீது. நீ நைனாவ பாரு." கிளம்பும்போது, "அலாரத்த சார் ஒரு தபா பாக்கணும்னாரு. நான் எடுத்துகினு போவட்டா?" என்றாள்.

"அது வூட்டுலதான் கீது, அம்மாகிட்ட கேட்டு வாங்கிக்கோ. சென்சார் பக்கம் கை வெக்காத," என்றேன்.

மறுவாரம் கல்லூரிக்குப் போனதும் லேப் உதவியாளர் அக்கா கையை நீட்டினார். "இன்னாமா, உன் கூட்டாளிக்கு வேலை கெடச்சிச்சே, ஸ்வீட்டு எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். அம்பத்தூரிலிருந்து ஒரு கம்பெனி வந்ததாம். டெக்னீஷியன் வேலைக்கு ஒரே ஒருவரை எடுத்தார்களாம். கேஸ் அலாரத்தை மேசை மேல் வைத்து அவள் விளக்கியது அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். இன்டர்வியூ நடந்தது, அவள் சாத்துக்குடி வாங்கி வந்ததற்கு மறுநாள் காலையில்.

அவளை கேன்டீன் பின்னால் பிடித்தேன்.

"அன்னிக்கே உனக்குத் தெரியும்ல?"

தலையைக் குனிந்தபடியே, "தெரியும்," என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நைனாவ வுட்டுட்டு நீ வந்திருப்ப."

"அதுக்கோசரமா சொல்லல?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ வந்திருந்தா உன்னத்தான் எடுத்திருப்பாங்க. போதுமா?"

அடிக்கக் கை எழுந்தது. அடிக்கவில்லை. துறைத் தலைவரிடம் போனேன். அவர் பேப்பர் திருத்திக்கொண்டே, "நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தோமேம்மா. தகவல் சொல்லி அனுப்பறது உன் ஃபிரண்டோட வேலை இல்லையே," என்றார். நியாயமாகத்தான் பேசினார். அதனாலேயே இன்னும் வலித்தது.

புராஜெக்ட் எங்கள் இருவர் பேரிலும் இருந்ததால் வைவாவில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அவளைப் பார்த்து, கம்பேரேட்டர் என்ன செய்கிறது என்றார். அவள் தடுமாறுவாள் என்று காத்திருந்தேன். உண்மையில் ஆசைப்பட்டேன்.

"மழை பெய்தால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும் சார்," என்று அவள் ஆரம்பித்தாள். கோடு, தண்ணீர், கத்துகிற அம்மா, எல்லாவற்றையும் நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவள் வீடு மூன்றாவது மாடி. எக்ஸாமினர் சிரித்து, "வெரி குட்," என்றார். கம்பெனிக்காரர்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று அப்போது உறைத்தது. வேலை போனதைவிட, என் அம்மாவை அவள் எடுத்துக்கொண்டதுதான் தாங்கவில்லை. என் முறை வந்தபோது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். இருவருக்கும் ஒரே மார்க்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிவி சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். "லேடீஸ்க்கு டிவி ரிப்பேர் வருமா?" என்று கேட்டவர்களின் டிவிகளையெல்லாம் சரிசெய்தேன். பிறகு மாத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் போர்டு டெஸ்டிங். குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வேலையிடத்தில் யாருக்காவது ஏதாவது சொல்லிக் கொடுக்கும்போது பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் வந்துவிட்டது. கணக்குக்காரி, கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கினேன்.

ஆறேழு வருடம் கழித்து திருவொற்றியூர் தேரடியில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. என்னைக் கண்டதும் வேகமாக வந்து கையைப் பிடித்தாள். "எப்டி கீற? நைனா கால் எப்டி கீது?"

"நடக்குறாரு," என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிப்பாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். நான் கையை உருவிக்கொண்டு, அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன். அது எங்கே போகிற பஸ் என்று இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் பார்த்தேன்.