வெள்ளைக்கார எழுத்தாளரின் கால் கட்டைவிரல்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் சினிமா வேடம், பிணம்.

எங்கள் எஸ்டேட்டின் பழைய துரை பங்களாவில் இன்று ஒரு மர்மப் படத்தின் படப்பிடிப்பு. அந்தக் காலத்துப் பிரபல வெள்ளைக்கார எழுத்தாளர் ஒருவர் பனிமூட்டத்தில் கொல்லப்படுகிறார். அவராக நடிப்பவருக்குத் தரையின் குளிர் ஆகாதாம். அதனால் முகம் மூடிய போர்வைக்குள் நான்.

சுற்றி நின்று அழுவதற்கு வந்தவர்கள் எங்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். நான் படுத்ததும், பழக்க தோஷத்தில் என் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

கோலாலம்பூர் டைரக்டர் பதறினார். "அக்கா, அவரு வெள்ளைக்காரரு லா. கட்ட அவுத்துடுங்க."

"செத்தவன் எவனா இருந்தா என்ன தம்பி? கால் கட்டாத பொணத்துக்கு நாங்க அழ மாட்டோம்" என்றார் சரோஜா அக்கா.

"அப்ப வீட்டுக்குப் போங்க. கீழ ரிங்லெட் டவுனுலேருந்து வேற ஆளுங்கள கொண்டாறேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "அப்படியே வேற பொணமும் கொண்டாங்க."

டைரக்டர் அடங்கினார். கட்டு அவிழவில்லை. அக்காமார் அழுத அழுகையில் எனக்கே கண் கலங்கியது.

நம் வழக்கத்தை வெள்ளித்திரையில் ஏற்றிவிட்ட பெருமிதத்தோடு, எடுத்ததைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

காமிரா என் முழங்காலோடு நின்றுவிட்டது.