ரிப்பேர் செலவே இல்லாத வீடு

என் கணவருக்கு வேலை செய்கிற இடத்தில் 'உஷ்' என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி இழைத்துப் பொருத்துகிற வேலை. பக்கத்தில் யாராவது சம்பளம், லீவு என்று பேச்செடுத்தால் போதும், உதட்டில் விரலை வைத்துவிடுவார். முதலாளிக்குக் கேட்டுவிடுமாம். முதலாளி இருப்பது முன்கடையில், நடுவில் இரண்டு கதவு. அங்கே வைத்த பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

வீட்டு விஷயத்தில் இந்த உஷ் இன்னும் மோசம். ஒன்பது வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு கூடம், இரண்டு அறை, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு சமையலறை. ஓனர் தொலைபேசி அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறார். மாதம் ஐந்தாம் தேதி வாடகை வாங்க வருவார். இந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இவர் அவரிடம் 'இது பழுது' என்று வாய் திறந்ததில்லை. தண்ணீர் மோட்டார் இரண்டு தடவை எரிந்தது, இரண்டு தடவையும் எங்கள் கைக்காசில் செப்புக்கம்பி சுற்றி காயில் கட்டினோம். குளியலறைச் சுவருக்குள் குழாய் வெடித்தபோது, காதும் காதும் வைத்த மாதிரி பிளம்பரைக் கூட்டிவந்து சுவரை உடைத்து மாற்றினார். அதே நிறத்தில் டைல்ஸ் தேடி ஏழு கடை ஏறி இறங்கினார். ஐந்தாம் தேதி காலையில், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முகம் வெளுத்து, வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவார். ஓனர் வந்து உட்கார்ந்து, "எல்லாம் சௌகரியமா இருக்கா சார்?" என்று கேட்பார்.

"ஒரு குறையும் இல்லைங்க சார்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில், முதல் வீட்டில் கழிவறை அடைத்துக்கொண்டது. சொன்னோம். அடுத்த மாதமே அந்த ஓனர், வெளியூரிலிருந்து தன் மகன் வருகிறான், வீடு வேண்டும் என்றார். அந்த மகன் இன்றுவரை வந்து சேரவில்லை என்று கேள்வி. இரண்டாவது வீட்டில் சுவிட்ச் போர்டில் பொறி பறந்தது. சொன்னோம். அங்கேயும் மூட்டையைக் கட்டினோம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே வருடத்தில் இரண்டு வீடு மாறினேன். அதற்கப்புறம் எந்த வீட்டில் இருந்தாலும் இவர் எடுத்த முடிவு இது: வாடகைக்கு இருப்பவன் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அவன் குழாயும் ஒழுகக் கூடாது.

போன புதன்கிழமை ஓனர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீடு பார்க்க வருகிறார், விற்கலாம் என்று இருக்கிறேன், அதற்கு முன்னால் சனிக்கிழமை வந்து பேசுகிறேன் என்றார். இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பள்ளி நாலு தெரு தள்ளி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் இன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு அறைக்குக்கூடப் போதாது. நான் பல் மருத்துவர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். அந்த மூன்று நாளும் வந்தவர்களின் எண்ணை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். பல் பிடுங்க வந்தவரைச் சுத்தம் செய்கிற நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், திட்டவில்லை.

சனிக்கிழமை ஓனர் வந்தார். எப்போதும் நிமிர்ந்து வருகிற மனிதர், அன்று நாற்காலியில் தொய்ந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி இன்னொரு வீடு வாங்கினேன். ரெண்டு போர்ஷன். மொத்தமும் பேங்க் கடன். இந்த வீட்டு வாடகை, அந்த ரெண்டு வாடகை, மூணும் சேர்ந்தா மாசத் தவணை கட்டிட்டு மிச்சமும் வரும்னு கணக்குப் போட்டேன்."

"வரலைங்களா?" என்று நான்தான் கேட்டேன். இவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கேம்மா வருது. அதுல ஒரு போர்ஷன் நாலு மாசமா காலி. ஆள் இல்லைன்னு பேங்க் தவணையை விடுமா? இன்னொரு போர்ஷன்ல இருக்கறவங்க வாரத்துக்கு ஒரு போன். ஹீட்டர் போச்சு, சாக்கடை அடைச்சிடுச்சு, கதவு இறங்கிடுச்சு. வீட்டு வரி வேற. பென்ஷன்லேர்ந்து எடுத்துக் கட்டிட்டு இருக்கேன்."

வாடகை மொத்தமும் ஓனர் சட்டைப்பைக்குள் போய் அங்கேயே தூங்குகிறது என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன். அதற்கும் வெளியே போக இத்தனை வாசல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"லோன் போடறப்பவே அந்த ஆபீசர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாச வாடகைன்னு எண்ணாதீங்க, பத்துன்னு எண்ணுங்க, ஒரு மாசம் காலியா இருக்கும், ஒரு மாசம் ரிப்பேருக்குப் போயிடும்னு. நான் சிரிச்சேன் சார். என் வீட்டுக்கு ஏழு வருஷமா சல்லிக்காசு செலவு இல்லைன்னு இதைக் காட்டினேன்."

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். வருடா வருடம் ஒரு வரி. வாடகை இவ்வளவு, வரி இவ்வளவு. அதற்கு எதிரே, 'பழுது: இல்லை.' ஒன்பது வரி. ஒன்பதிலும் இல்லை.

"உங்களை மாதிரி குடித்தனக்காரரும் இந்த மாதிரி வீடும் இருக்கற தைரியத்துலதான் இன்னொண்ணு வாங்கினேன். இப்ப ஒண்ணை வித்தாகணும். அதை யாரும் வாங்க மாட்டான். இதுதான் நல்ல விலைக்குப் போகும். செலவே வைக்காத வீடு."

இவர் அந்தத் தாளின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஓனர் போனதும் அலமாரியின் அடியிலிருந்து பில் கட்டை எடுத்து வந்து இவர் முன்னால் போட்டேன். மோட்டார், குழாய், டைல்ஸ், ஒயரிங், பெயிண்ட். கூட்டிப் பார்த்தால் பதினோரு மாத வாடகை. வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று பதினோரு மாத வாடகையை அழுது, நம்மையே வெளியேற்ற ஒருவருக்குத் தைரியம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"வாயைத் திறந்திருந்தா இந்த நிலைமை வருமா?" என்றேன்.

"மெதுவா பேசு. பொண்ணு படிக்கிறா."

அன்று இவரை உஷ் என்றுகூட நான் கூப்பிடவில்லை. பயம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் கூட்டிவந்தது ஒரு பெண்ணை. பள்ளிக்கூட வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், தனி ஆள். கையில் ஒரு நோட்டு. எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மோட்டாரைப் போடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். மகள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "படிம்மா, நான் அப்புறம் பார்த்துக்கறேன்" என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம்.

"நான் குடியிருக்க வாங்கலைக்கா" என்றார் என்னிடம். "வாடகைக்கு விடத்தான். நீங்களே இருங்க. வாடகையும் ஏத்தப் போறதில்லை. எனக்கு வேண்டியது ஒண்ணுதான், இந்த வாடகை மாசத் தவணைக்குச் சரியா இருக்கணும். கடைமேலயும் சேர்த்துக் கடன் வாங்கறேன். மேல செலவு வந்தா என்னால தாங்க முடியாது."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. இங்கேயே இருக்கலாம். அதே வாடகை. மகள் அதே மேஜையில் படிக்கலாம். கடவுளே, இதற்கு மேல் என்ன வேண்டும்.

"செலவா?" ஓனர் அந்தத் தாளை நீட்டினார். "நான் சொல்றதை விட இவரையே கேளுங்க. ஒன்பது வருஷமா இருக்கார்."

அந்தப் பெண் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு இவரைப் பார்த்தார். ஒன்பது வருடமாக இவர் வாயைத் திறக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்த நான், அந்த ஒரு நிமிடம் இவர் வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. கண்ணாலும் ஜாடை காட்டினேன். ஒரு குறையும் இல்லைங்க என்று சொன்னால் போதும், மனப்பாடமாக வருகிற மூன்றே வார்த்தை. இவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் பேனாவைப் பார்த்தார்.

"அதுல எழுதியிருக்கறது தப்பும்மா. செலவு இருக்கு. நான்தான் செஞ்சுட்டு இருந்தேன். பில் இருக்கு, கொண்டு வரேன்."

எழுந்து போய்க் கட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரொம்ப நேரம் கழித்து நோட்டை மூடினார்.

"சொன்னதுக்கு நன்றிங்க. எனக்கு இது கட்டுப்படியாகாது. மன்னிச்சுக்கங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. ஓனர் கோபப்படுவார், இப்போதே காலி பண்ணச் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"ஏன் சார் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயம் சார்."

"நானா?" என்றார். "சொல்லியிருந்தா நான் அந்த வீட்டை வாங்கியே இருக்க மாட்டேனே. இதை விக்கற பேச்சே வந்திருக்காதே."

நான் ஓனருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பில் கட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டார்.

"விக்கத்தான் வேணும், வேற வழி இல்லை. பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதுவரைக்கும் நீங்க நிம்மதியா இருங்க. இதுல இருக்கற காசையும் வித்த பணத்துல திருப்பிக் கொடுத்துடறேன்."

பரீட்சை முடிந்ததும் போக வேண்டும். ஆபத்து தள்ளிப் போயிருக்கிறதே தவிர, விலகிப் போகவில்லை. அவர் பேனாவை எடுத்து அந்தத் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் வைத்தார்.

"அடுத்து வர்றவங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லணும். முதல்லேர்ந்து சொல்லுங்க. பில் இல்லாததும் சேர்த்து."

இவர் சொல்ல ஆரம்பித்தார். மெதுவாகத்தான், ஆனால் நிறுத்தாமல். சமையலறை ஜன்னல் சட்டத்தில் கரையான். வாசல் படிக்கு அடியில் பள்ளம். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், சில இடங்களில் நானே தேதியை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் ஒன்று சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணு ரூம்ல கூரை. போன மழைக்குக் காரை பெயர்ந்து கம்பி தெரிஞ்சுது சார். இவங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தப்ப வலை வச்சு ஒட்டி, பட்டி பூசி, வெள்ளை அடிச்சுட்டேன். தாங்குமான்னு தெரியலை. அதனாலதான் அவ கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டேன்."

காற்று வரும் என்று சொல்லித்தான் அந்தக் கட்டிலைத் தள்ளினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். காலியான இடத்தில் மேஜையைப் போட்டுக் கொடுத்தது நான்.

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். மேஜை மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவளைப் புத்தகத்தோடு கூடத்துக்கு வரச் சொன்னேன்.