சரோவ்னிட்சா அரண்மனைக்காரியின்ரை வெறுங்கதிரை

அறுபத்திரண்டு. நினைவிலை வைச்சிருங்கோ. போலந்திலை சரோவ்னிட்சா எண்ட சின்னப் பட்டினத்திலை இருக்கிற பிரபு அரண்மனைக்கு அத்தினை அறை. நானூறு வருசமாச் சந்தை, மா அரைக்கிற ஆலை, தேவாலயத்துக்குள்ளை கல்லறை, எல்லாம் அந்த ஒரு குடும்பத்துக்கு. இரண்டாம் உலகச் சண்டை முடிய எல்லாம் பறிபோச்சுது. அந்த வீட்டுக் கடைசிப் பெட்டை சோஃபியா இப்ப தொண்ணூறு தாண்டின கிழவி. லண்டன் பிளேஸ்டோவிலை சின்ன வீடு. சுவரிலை அரண்மனைப் படம்.

அவவைப் பராமரிக்கிறது யசோதினி. ஜெர்மனியிலை கன வருசம் ஹோட்டல் துடைச்சுப்போட்டு லண்டன் வந்தவ. படுக்கையும் கிழவி வீட்டிலை தான். வேலை போனா அறையும் போகும்.

யசோதினிக்கெண்டு தனிக் கோப்பை, சிங்குக்குக் கீழை. அரண்மனையிலை வேலையாக்களுக்கு அப்பிடித்தானாம். யசோதினியின்ரை அப்பாவுக்கு ஊர்த் தேத்தண்ணிக்கடையிலை சாதி பாத்துப் போத்திலிலை தான் ஊத்தினவங்கள். அந்தக் கடையளுக்கு முன்னாலை மறியல் செய்து அடி வாங்கினவன் நான். இப்ப லண்டனிலை வேலையாக்களின்ரை சங்கத்திலை இருக்கிறன். விட்டிட்டு வா, முறைப்பாடு குடுப்பம் எண்டன்.

"சங்கம் வாடகை கட்டுமோ அண்ணை?"

முறைப்பாட்டுப் படிவத்தை மடிச்சுப் பைக்குள்ளை வைச்சன்.

யேசு பிறந்த நத்தாருக்கு முதல்நாள் போலந்துக்காரர் மேசையிலை ஒரு தட்டுக் கூட வைப்பினம். எதிர்பாராமல் ஆர் வந்தாலும் இருந்து சாப்பிடட்டுமெண்டு. கிழவிக்கு ஒண்டு, அவவின்ரை மருமோனுக்கு ஒண்டு, வாறாளுக்கு ஒண்டெண்டு யசோதினி வைச்சா. சூப்பை ஊத்தினா. ஆனா சமையலறைக்குத் திரும்பிப் போகேல்லை. வெறுங்கதிரையை இழுத்து இருந்திட்டா.

மருமோன் எழும்பச் சொன்னான். யசோதினியை வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்குக் காசு கட்டிறவன் அவன் தான். இப்பவே அடிச்சு வேறை ஆளைக் கேக்கிறனெண்டு போனை எடுத்தான். யசோதினி எழும்பேல்லை. கிழவியைப் பாத்துத்தான் கதைச்சா.

"ஆர் வந்தாலும் இருக்கலாமெண்டு நீங்கள் தானே அம்மா சொன்னனீங்கள். நான் வந்திட்டன்."

"நீ வெளியாள் இல்லை. இந்த வீட்டாள்," எண்டான் மருமோன்.

"வீட்டாளெண்டா என்ரை கோப்பை ஏன் சிங்குக்குக் கீழை?"

அவன் நம்பரை அமத்தத் தொடங்கிட்டான். கிழவி சுவரிலை இருந்த படத்தையே பாத்துக்கொண்டிருந்தா. பிறகு கரண்டியை எடுத்தா.

"போனை வை. சூப் ஆறுது."

யசோதினி முதலே சொல்லிவைச்சபடி, வேலை போனா அவவின்ரை சாமானை ஏத்தவெண்டு நான் வெளியிலை காரோடை நிண்டனான். ஒண்டும் ஏத்தேல்லை. விடிய அவ அந்தக் கோப்பையைக் குப்பையிலை போட்டாவாம். கிழவி பாத்திட்டுத் தேத்தண்ணி கேட்டாவாம்.

அண்டைக்கு அந்த அறுபத்திரண்டு அறைக்காரியின்ரை மேசையிலை இருந்து சாப்பிட்டாக்கள்: மூண்டு.