காற்று வரும் குழாய்

இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய், தண்ணீர் பற்றியும் கழிப்பறை பற்றியும் கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. நுழைந்ததுமே கழிப்பறையைக் காட்டச் சொல்வதால் தெருக்களில் அவளுக்குப் பெயரே கக்கூஸ் அக்கா. அதற்கெல்லாம் அவள் கோபப்பட மாட்டாள். கோபத்தை ஒரே ஒரு ஆளுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் தெருக் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது என்று படிவத்தில் எழுதினாள். மேலதிகாரி அதை அடித்துவிட்டார்.

"குழாய் இருக்கா இல்லையா, அதான் கேள்வி. தண்ணி வருதான்னு உன்னை யாரும்மா கேட்டா?"

தண்ணீர் உள்ள தெரு என்று அறிக்கை போனது. புதுக் குழாய்த் திட்டத்தில் அந்தத் தெரு விடுபட்டது. பதினோரு வருடம் குடம் சுமந்து அம்மாவுக்கு இடுப்பு போனது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள்.

போன வாரம், ஓய்வுபெற்ற அதே அதிகாரியின் வீடு அவள் பட்டியலில் வந்தது. கூடத்தில் காலி வாளிகள் வரிசையாக நின்றன. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"மூணு மாசமா ஒரு சொட்டு வரலைம்மா. நல்லா அழுத்தி எழுது. இந்தத் தடவை விட்டா எங்களுக்குப் புது லைன் கிடைக்காது."

அவள் சமையலறைக் குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. பழகிய சத்தம். குழாயை மூடிவிட்டு, 'உண்டு' என்ற கட்டத்தில் அழுத்தியே டிக் அடித்தாள்.

"என்னம்மா இது? தண்ணிதான் வரலையே!"

"குழாய் இருக்கே சார். தண்ணி வருதான்னு உங்களை யாரு கேட்டா? இங்க ஒரு கையெழுத்து போடுங்க."