செப்டம்பர் பரீட்சையும் சாரல் விருந்தாளிகளும்

கல்லூரிக்குப் போனதும் பாடமெல்லாம் வேறு மொழியாகிப் பிள்ளைகள் திணறுவதைப் பற்றி யாராவது பேசினால், எனக்கு என் நாத்தனார் நினைவுதான் வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் தென்காசி வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் பெண் அவள். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்து முதலாவதாக வந்தவளுக்கு, பாளையங்கோட்டையில் பி.யு.சி. சேர்ந்ததும் சரித்திரம்கூட இங்கிலீஷில் என்றாகிவிட்டது. ஏப்ரல் பரீட்சையில் இங்கிலீஷில் தோற்றுவிட்டாள்.

"செப்டம்பர்லயும் போச்சுன்னா செங்கோட்டை மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சிருவேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார்.

அவள் படிக்கவேண்டிய அந்த மாதங்களில்தான் குற்றாலத்தில் சாரல். அருவியில் குளிக்க வருகிற சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்கும். கொடியெல்லாம் ஈரத்துணி. அடுப்பு அணையாது. அவள் புத்தகத்தை விரித்தால் போதும், "ஏட்டி, மாவாட்ட வா" என்று குரல் வரும்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒருநாள் அவள், வீட்டுக்குத் தூரம் என்று சொல்லிக் கொல்லைப்புற அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாளைக்கு யாரும் வேலை சொல்லமாட்டார்கள். நான் சோறு வைக்கப் போகும்போதெல்லாம், இங்கிலீஷ் வரிகளை முணுமுணுத்தபடி எழுதி, அடித்து, திரும்ப எழுதிக்கொண்டிருப்பாள்.

"மைனி, தமிழ்ல நெனச்சு இங்கிலீஷ்ல எழுதப்போனா, தலை வாலா போயிருது" என்று சிரிப்பாள். எனக்கானால் அவள் தைரியம் ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் போய் உட்கார்ந்தாள். விருந்துக்கு வந்திருந்த மாமியாரின் தங்கை, "இவளுக்கு மட்டும் மாசம் ஓடியோடி வருதே" என்றாள்.

மாமியார் பயந்துபோய் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று அறை வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவள் மறைக்கவில்லை.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. படிக்கேன்."

மாமியார் ஆசாரத்தில் எள்ளளவும் பிசகாதவர். இந்த விஷயத்தில் போய்ப் பொய் சொல்லியிருக்கிறாள். அவள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வர எழுந்தாள்.

"எங்கட்டி வார? மூணு நாளு ஆவட்டும். உக்காரு" என்றார் மாமியார்.

திரும்பி அடுக்களைக்கு வந்து தங்கையிடம், "அவளுக்கு அப்படித்தான். நீ வந்து மாவ ஆட்டு" என்றார்.

சாரல் முடிகிறவரை அந்த அறைப் பக்கம் யாரும் போகாமல் அவரே பார்த்துக்கொண்டார். செப்டம்பரில் அவள் தேறினாள். "பொண்ணு பி.ஏ. படிக்கணும்னு சொல்லுதா" என்று செங்கோட்டையில் சொல்ல மாமனாரே நேரில் போனார். கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போல வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் போனார்.